செவ்வாய்க்கிழமை சல்சா

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கிளப்பில் சல்சா சொல்லித்தரப்போகிறார்கள், சேர்ந்து போகலாமா என்று கேட்டது ஆஸ்பத்திரி மருந்தகத்தில் என்னோடு வேலைபார்த்த போலந்துக்காரப் பெண். சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸை செல்போனில் படம்பிடித்து வைத்திருந்தாள். ஆரம்ப வகுப்பு ஏழரை மணிக்கு. கட்டணம் ஆறு பவுண்டு. ஜோடியோடு வர வேண்டியதில்லை. முன்பின் ஆடிப் பழக்கமும் வேண்டியதில்லை. எனக்கு அப்போது ஐம்பது வயது. மூத்தவன் வேலைக்குப் போய்விட்டான், இளையவன் மான்செஸ்டரில் படித்துக்கொண்டிருந்தான். டியூஷன், கால்பந்து, பெற்றோர் கூட்டம் என்று ஓடிக்கொண்டிருந்த சாயங்காலங்கள் எல்லாம் ஒரே வருஷத்தில் எனக்கே திரும்பக் கிடைத்திருந்தன. அதில் ஒன்றையாவது என் உடம்புக்குக் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. சரி என்றேன்.

ஊர் கவென்ட்ரி. இங்கிலாந்தின் நடுப்பகுதியில், கார்த் தொழிற்சாலைகளால் வளர்ந்து, அவை ஒவ்வொன்றாக மூடியபோது வாடிய ஊர். 1940 நவம்பர் 14 இரவு ஜெர்மானிய விமானங்கள் குண்டுபோட்டு ஊரின் மையத்தையே எரித்தன. அன்று இடிந்த பெரிய தேவாலயத்தை இடிந்தபடியே விட்டுவைத்து, அதை ஒட்டிப் புதிதாக ஒன்று கட்டி 1962இல் திறந்தார்கள். போருக்குப் பின் ஊரைத் திரும்பக் கட்டவும் கார் செய்யவும் அயர்லாந்திலிருந்தும் ஜமைக்காவிலிருந்தும் பஞ்சாபிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். நாங்கள் வந்தது அதற்கெல்லாம் ரொம்பப் பின்னால், 2000க்கு மேல், ஆஸ்பத்திரி வேலைக்காக.

ஒரு காலத்தில் இந்த மாதிரி ஊர்களில் ஒவ்வொரு பேட்டையிலும் ஒரு தொழிலாளர் கிளப் இருந்தது. எங்கள் கிளப்பும் அப்படி ஒன்று. 1862இல் ஹென்றி சாலி என்ற பாதிரியார் இந்தக் கிளப்புகளுக்காக ஒரு கூட்டமைப்பைத் தொடங்கினார். தொழிலாளி வேலை முடிந்து சாராயக் கடைக்குப் போகாமல் புத்தகம் படிக்கவும் பேசவும் ஓர் இடம் வேண்டும் என்பது அவர் எண்ணம். ஆரம்பத்தில் மதுவுக்கே இடமில்லை. ஆட்கள் பீர் கேட்டார்கள், பீர் வந்தது, கிளப்புகள் பெருகின. பெண்களுக்கு அந்தக் கூட்டமைப்பு ஆண்களுக்குச் சமமான உரிமை கொடுத்தது 2007இல்தான். அந்த ஆண்டைப் படித்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது. நானும் என் கூட்டாளியும் அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போவதற்கு எத்தனையோ பெண்கள் எத்தனையோ வருஷம் கூட்டத்தில் எழுந்து பேசியிருக்கிறார்கள்.

வாசலில் ஒரு மேசை, அதன்மேல் தடித்த நோட்டு. உறுப்பினரல்லாதவர்கள் பெயரெழுத வேண்டும், பக்கத்தில் உறுப்பினர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். முன்கூடத்தில் பார், ஸ்னூக்கர் மேசை, டாமினோ ஆடிக்கொண்டிருக்கும் வயசாளிகள். நடையைத் தாண்டிப் போனால் பெரிய கூடம். கல்யாண விருந்தும் அங்கேதான், துக்கம் கேட்டபின் நடக்கும் விருந்தும் அங்கேதான், வெள்ளிக்கிழமை பிங்கோவும் அங்கேதான். மேடையில் ஜிகினாத் திரை தொங்கியது. நாற்காலிகளெல்லாம் பழசு, மெத்தை கிழிந்தவை. ஆனால் தரை அருமையான தரை. சின்னச் சின்ன மரக்கட்டைகளைக் கோத்துப் போட்டது. பால்ரூம் ஆடிய தலைமுறைகளின் காலணி தேய்த்துத் தேய்த்து மினுமினுப்பேறியது. ரப்பர் அடிப்பாகம் வைத்த ஷூ போட்டுவந்தால் அந்தத் தரையில் திரும்பும்போது கால் பிடித்துக்கொள்ளும், முட்டிக்குத்தான் வினை என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். தோல் அடிப்பாகம் இருந்தால் நல்லது.

சொல்லிக்கொடுத்தவர் கொலம்பியாவில் காலி என்ற நகரத்துப் பெண். பகலில் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை, இரவில் ஆட்டம். குள்ளமான உருவம், கணீரென்ற குரல். முதல் வகுப்பில் எங்களை வெகுநேரம் வெறுமனே நடக்கவைத்தார். கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, பாட்டுக்கேற்ப. உடம்பின் பாரம் முழுக்க ஒரு காலுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் மறுகாலைத் தூக்க வேண்டும். இடுப்பை ஆட்டச் சொல்லி அவர் கேட்டதே இல்லை. பாரம் ஒழுங்காக இறங்கினால் இடுப்பு தானாக அசையும், அதை வலிந்து ஆட்டக் கூடாது என்பது அவர் கட்சி. இன்றைக்கும் புதிதாக வருகிறவர்களிடம் நான் சொல்வது இதைத்தான்.

பிறகு அடிப்படை அடவு. மொத்தம் எட்டு எண்ணிக்கை. ஒன்று, இரண்டு, மூன்று என்று மூன்று எட்டு. நாலில் நிற்க வேண்டும். ஐந்து, ஆறு, ஏழு. எட்டில் நிற்க வேண்டும். ஜோடியில் ஒருவர் நடத்துகிறவர், ஒருவர் தொடர்கிறவர். லீட், ஃபாலோ என்பார்கள். நடத்துகிறவர் ஒன்றில் இடது காலை முன்னால் வைக்கும்போது தொடர்கிறவர் வலது காலைப் பின்னால் வைப்பார். ஐந்தில் அது மாறும். இவ்வளவுதான் அஸ்திவாரம். இதன்மேல்தான் சுற்று, குறுக்கே கடப்பது, கை மாற்றுவது எல்லாம்.

கச்சேரியில் உட்கார்ந்து ஆதி தாளம் போட்டுப் பழகிய கை எனக்கு. எட்டு எனக்குப் புதிதில்லை. ஆனால் நம் தாளத்தில் எட்டு அட்சரத்துக்கும் கைக்கு வேலை உண்டு: தட்டு, விரல், வீச்சு. இங்கே நாலிலும் எட்டிலும் காலுக்கு வேலை இல்லை. அந்த இடத்தில் என்ன செய்வது என்று தெரியாமல் கூடம் முழுக்கத் தவித்தது. ஆசிரியை பாட்டை நிறுத்திவிட்டு, கொங்காவை மட்டும் கேளுங்கள் என்று ஒரு பதிவைப் போட்டார். கொங்கா என்பது நெட்டையான ஒற்றைமுக மேளம், வெறுங்கையால் வாசிப்பது. வாசிப்பவர் இரண்டாம் எண்ணில் சுருக்கென்று ஓர் அறை அறைகிறார். நாலாம் எண்ணில் உள்ளங்கையைத் திறந்து ‘தும் தும்’ என்று இரண்டு ஒலி. நாம் கால் வைக்காத அந்த இடத்தில்தான் மேளம் நிறைவாகப் பேசுகிறது. அதைக் கேட்டபின் நாலில் நிற்பது எனக்குச் சும்மா நிற்பதாக இல்லை. மேளம் பேசட்டும் என்று வழிவிட்டு நின்றேன்.

அடுத்து கிளாவே. இரண்டு குட்டையான மரக்கட்டைகளை ஒன்றோடொன்று தட்டுவது. எட்டு எண்ணிக்கைக்குள் ஐந்தே தட்டு: ஒன்று, இரண்டரை, நாலு, பிறகு ஆறு, ஏழு. முன்பாதியில் மூன்று, பின்பாதியில் இரண்டு. சில பாட்டுகளில் இரண்டு முன்னால் வரும், மூன்று பின்னால் வரும். பியானோ, பேஸ், பித்தளைக் குழல்கள், பாடகர் எல்லாரும் இந்த ஐந்து தட்டை மனதில் வைத்துத்தான் வாசிக்கிறார்கள்; பல பாட்டுகளில் கட்டையின் சத்தம் காதில் விழாது, இருந்தும் அதுதான் கணக்கு. ராத்திரி படுத்தபின் போர்வைக்கு மேல் விரலால் அந்த ஐந்தைத் தட்டிக்கொண்டிருப்பேன். இரண்டரை வரும் இடம் ஒவ்வொரு தடவையும் சிலிர்க்கும்.

அம்மாவிடம் சொன்னேன். வாட்ஸாப்பில் ஒரு பாட்டை அனுப்பினேன், செலியா குரூஸ் பாடியது. ஜானி பச்சேக்கோவோடு சேர்ந்து 1974இல் வெளியிட்ட ‘கிம்பாரா’. திருநெல்வேலிப் பக்கத்து கிராமத்தில், திண்ணையில் உட்கார்ந்து அம்மா அதைக் கடைசிவரை கேட்டிருக்கிறாள். "ஏட்டி, இது நம்ம அம்மன் கொடைக்கு அடிக்கிற மேளம் மாதிரில்லா இருக்கு! இதக் கேட்டுட்டு எப்படி ஒருத்தி ஆடாம இருப்பா?" என்றாள். யாரோடு ஆடுகிறாய் என்று அவள் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஏனென்றால் அதுதான் எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. நான் வளர்ந்த ஊரில் ஒரு பெண்ணின் கையைப் பிடிக்கிற ஆண் என்றால் அப்பா, அண்ணன், தம்பி, அப்புறம் புருஷன், பிள்ளைகள். விட்டால், சின்ன வயசில் வளையல் மாட்டிவிட்ட வளையல்காரர். இங்கே வந்த பிறகும் அதில் மாற்றமில்லை. மருந்தகத்தில் எத்தனையோ பேருக்கு மருந்தை எடுத்துக் கொடுத்திருக்கிறேன், பொட்டலம்தான் கை மாறும். இந்த ஊர்க்காரர்களோடு பேசியிருக்கிறேன், அவர்களுடைய நோயும் சீட்டும் எனக்குத் தெரியும், அக்கம்பக்கத்தில் குடியிருந்திருக்கிறேன். அவர்கள் கை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

சல்சா வகுப்பில் ஜோடி நிலையாக இருக்காது. வட்டமாக நிறுத்திவைத்து, இரண்டு மூன்று நிமிஷத்துக்கொரு தடவை "சேஞ்ச்!" என்று ஆசிரியை குரல் கொடுப்பார். நடத்துகிறவர்கள் நின்ற இடத்தில் நிற்க, தொடர்கிறவர்கள் அடுத்தவரிடம் நகர வேண்டும். புருஷனும் பெண்டாட்டியுமாக வந்தவர்கள்கூட அந்தக் குரலுக்குப் பிரிந்தே ஆக வேண்டும். அது வெறும் ஒழுங்குக்காக இல்லை. ஒரே ஆளோடு ஆடிக்கொண்டிருந்தால் அந்த ஆளின் பழக்கத்தைத்தான் கற்றுக்கொள்வோம். பத்துக் கையோடு ஆடினால்தான் எது ஆட்டம், எது அந்த ஆளின் பழக்கம் என்று பிரித்துத் தெரியும்.

கையைப் பிடிப்பதிலும் முறை இருக்கிறது. நடத்துகிறவர் விரல்களை நீட்டுவார். தொடர்கிறவர் தன் விரல்களை மடக்கி அதன்மேல் வைப்பார். கட்டைவிரலால் அமுக்கிப் பிடிக்கக் கூடாது. விரலுக்கும் விரலுக்கும் நடுவே லேசான இழுவை இருந்தால் போதும், சேதி அதில்தான் வரும். கிட்ட நின்று ஆடும்போது அவர் வலது கை என் தோள்பட்டை எலும்புமேல் இருக்கும், என் இடது கை அவர் தோள்மேல் இருக்கும். முதல் நாள் எனக்கு உள்ளங்கை வேர்த்தது. எதிரே இருந்த எல்லாருக்கும் அப்படித்தான் வேர்த்திருந்தது.

அந்த வட்டத்தில் ஒரு பெரியவர். கார்த் தொழிற்சாலையில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலைபார்த்தவர், மனைவி போனபின் தனியாக இருந்தார். வலது கை ஆள்காட்டி விரலில் மேல்கணு இல்லை. தகடு அழுத்தும் இயந்திரத்தில் போனதாம். என்னிடம் கை நீட்டும்போது "இது உங்களுக்குச் சங்கடமாக இருந்தால் சொல்லுங்கள்" என்றார். இல்லை என்றேன். அந்தக் கணு இல்லாத விரல் என் முதுகில் படும் இடம் எனக்குப் பழகிவிட்டது; கண்ணை மூடிக்கொண்டாலும் இவர்தான் என்று தெரியும். முழுக் கையோடு இருந்த பலரைவிட அவர் சேதி தெளிவாக இருக்கும். அழுத்தமே கிடையாது. திருப்பப்போகிறார் என்றால் அதற்குரிய நேரத்தில் கை உயரும், நான் திரும்புவேன், திரும்பி வரும்போது கை அங்கேயே காத்திருக்கும். என்னை யாரும் அவ்வளவு மரியாதையாகத் திருப்பிவிட்டதில்லை.

இவரிடம் என்ன சொல்லியிருந்தேன் என்று கேட்பீர்கள். இவர் என்றால் என் வீட்டுக்காரர். முதல் நாள் திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன், கை பிடித்தது உட்பட. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "உன் முகம் தெளிவா இருக்கு. போய்ட்டு வா, சோத்த நான் வச்சிருதேன்" என்றார். பிறகு என்னைக் கொண்டுவிட வந்து, முன்கூடத்தில் உட்கார்ந்து, டாமினோவில் ஒட்டிக்கொண்டார். ஆட வரவில்லை. அவரை நான் வற்புறுத்தவும் இல்லை.

டாமினோ மேசையிலிருந்து எழுந்து எங்கள் கூடத்துக்கு வந்த ஒருவர் இருந்தார். ஜமைக்காவில் பிறந்து, சின்ன வயசிலேயே பெற்றோரோடு இங்கே வந்து, பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். வாலிபத்தில் ஸ்கா என்ற ஜமைக்கா இசைக்கு ஆடியவர். 1979இல் இதே ஊரிலிருந்து ‘ஸ்பெஷல்ஸ்’ குழு கறுப்பரும் வெள்ளையருமாகச் சேர்ந்து ஸ்காவை நாடு முழுக்கக் கொண்டுபோனதைப் பெருமையோடு சொல்வார். ஒருநாள் இடைவேளையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, 1960களின் கடைசியில் நடந்த ஒன்றைச் சொன்னார். கூட வேலைபார்த்த வெள்ளைக்கார நண்பரோடு ஒரு கிளப்புக்குப் போயிருக்கிறார். நண்பரை உள்ளே விட்டார்கள், இவரை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். நண்பரும் திரும்பி வந்துவிட்டாராம். எந்தக் கிளப் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த பாட்டு தொடங்கியதும் எழுந்து போய் ஆடினார்.

அதன்பிறகு நான் தேடிப் படித்தேன். 1968இல் வந்த சட்டம் பொதுமக்களுக்கான இடங்களில் நிறவேறுபாடு பார்ப்பதைத் தடுத்தது. ஆனால் கிளப் என்பது பொது இடமல்ல என்று வாதாடினார்கள். கிழக்கு லண்டனில் ஓர் இந்தியருக்கு நிறம் காரணமாகக் கிளப்பில் இடம் மறுத்த வழக்கு பிரபுக்கள் சபைவரை போய், 1973இல் கிளப்புக்குச் சாதகமாகவே முடிந்தது. மறு ஆண்டு பிரெஸ்டனில் ஒரு துறைமுகத் தொழிலாளர் கிளப்பின் வழக்கும் அப்படியே. தொழிலாளியின் கிளப்பிலேயே இன்னொரு தொழிலாளிக்கு இடமில்லை, அதற்குச் சட்டத்தின் துணையும் இருந்தது. 1976இல் புதுச் சட்டம் வந்து, இருபத்தைந்து பேரோ அதற்கு மேலோ உறுப்பினர் உள்ள கிளப்புகளுக்கும் தடையை விரித்த பிறகுதான் அந்தக் கதவு திறந்தது. நான் அப்போது ஊரில் பாவாடை சட்டையோடு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன்.

நாங்கள் ஆடிய ஆட்டத்தின் கதையும் இதே கதைதான் என்பது படிக்கப் படிக்கத் தெரிந்தது. கியூபாவின் கிழக்கு மலைப்பகுதியில், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் தாளமும் ஸ்பானிய கித்தாரும் சேர்ந்து உருவானது சோன் என்ற இசை. சல்சாவுக்கு அதுதான் தாய்வேர். ஹவானா நகரத்தில் வெள்ளையர் கிளப்புகளில் அந்த இசை ஒலிக்கும், அந்த இசையைப் பெற்ற கறுப்பின மக்கள் உறுப்பினராக முடியாது. அவர்கள் தங்களுக்கென்று தனிச் சங்கங்கள் வைத்துக்கொண்டார்கள். மரியனாவோ பகுதியில் இருந்த புவெனா விஸ்தா சோஷியல் கிளப் அப்படிப்பட்ட ஒன்று. அது மூடிப் பல காலம் கழித்து, 1996இல் ஹவானாவில் பழைய கலைஞர்களைக் கூட்டி அந்தப் பெயரில் ஓர் இசைத்தட்டு பதிந்தார்கள். தொண்ணூறை நெருங்கிக்கொண்டிருந்த கொம்பாய் செகுந்தோ பாடினார். ஷூ துடைத்துப் பிழைத்துக்கொண்டிருந்த இப்ராஹிம் ஃபெரேரைத் தேடிக் கூட்டிவந்தார்கள். அதில் முதல் பாட்டான ‘சான் சான்’ நிதானமான நடை. எங்கள் ஆரம்ப வகுப்பில் எத்தனையோ செவ்வாய்க்கிழமை அதற்குத்தான் கால் வைத்தோம்.

சல்சா என்று இன்று சொல்வது நியூயார்க்கில் குடியேறிய போர்ட்டோ ரிக்கோ, கியூபா, டொமினிக்கன் மக்களின் கையில் கூடிவந்தது. இசைக்கலைஞர் ஜானி பச்சேக்கோவும் வழக்கறிஞர் ஜெரி மசூச்சியும் 1964இல் ஃபானியா என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1971 ஆகஸ்டில் சீட்டா என்ற நடனக் கூடத்திலும், 1973இல் யாங்கி ஸ்டேடியத்திலும் அந்த நிறுவனத்தின் கலைஞர்கள் சேர்ந்து வாசித்தார்கள். அந்தத் தட்டுகள் எங்கள் ஆசிரியையின் ஊரான காலிக்குப் போயின. அங்கே ஆட்டக்காரர்கள் 33 சுற்றில் ஓட வேண்டிய தட்டை 45இல் ஓடவிட்டு, அந்த வேகத்துக்குக் காலைப் பழக்கினார்கள். இதைச் சொல்லிவிட்டு ஆசிரியை எங்களுக்கு ஆடிக்காட்டினார். முழங்காலுக்குக் கீழே என்ன நடக்கிறது என்று கண்ணால் பின்தொடர முடியவில்லை. மேலே தோளும் முகமும் அப்படியே சாந்தமாக இருந்தன. கூடமே கை தட்டியது.

ஆரம்ப வகுப்பில் எங்கேயும் உள்ள ஒரு குறை எங்களிடமும் இருந்தது: ஆண்கள் போதாது. வட்டத்தில் நான்கு பெண்கள் ஆளில்லாமல் காற்றைப் பிடித்துக்கொண்டு தங்கள் முறைக்காகக் காத்திருப்பார்கள். பெண்களில் யாராவது லீட் பண்ணக் கற்றுக்கொள்கிறீர்களா என்று ஆசிரியை கேட்டார். நான் கை தூக்கினேன். எதற்கென்று யோசிக்கவில்லை. மறுபக்கத்திலிருந்து இந்த ஆட்டம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள அவ்வளவு ஆசை.

எல்லாம் தலைகீழாயிற்று. வலது காலில் பின்னால் போன உடம்பு இடது காலில் முன்னால் போக வேண்டும். காலைவிட மனசுக்கு வேலை அதிகம். ஒரு சுற்று கொடுக்க வேண்டுமென்றால், எதிரில் இருப்பவர் ஐந்து, ஆறு, ஏழில் திரும்புவார். அதற்கான சேதி ஐந்தில் கொடுத்தால் போச்சு, அவருக்கு நேரமே இருக்காது. மூன்றிலேயே என் கை உயரத் தொடங்க வேண்டும், நாலில் அது அவர் தலைக்குமேல் இருக்க வேண்டும். கால் நிற்கிற அந்த நாலில், கொங்கா ‘தும் தும்’ என்று சொல்லும் அந்த இடத்தில், நான் சொல்கிறேன், அவர் கேட்டுக்கொள்கிறார். இழுப்பதோ தள்ளுவதோ இல்லை. அவர் போகப்போகும் இடத்தைக் காலியாக வைத்துத் தருவதும், பக்கத்து ஜோடிமேல் இடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதும்கூட என் பொறுப்பு. அப்புறம் அவர் தன் விருப்பத்துக்கு அதை ஆடுவார். சிலர் சட்டென்று சுழல்வார்கள், சிலர் சோம்பலாக, ரசித்துத் திரும்புவார்கள். ஒரே சேதிக்கு எத்தனை பதில்! தொடர்கிறவராக இருந்தபோது நான் இவ்வளவு செய்துகொண்டிருந்தேன் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

போலந்துக்காரப் பெண்ணை நடத்தினேன். அவள் மகள் வயசில் ஒரு பல்கலைக்கழக மாணவியை நடத்தினேன். முன்கூடத்து பாரில் பீர் ஊற்றிக் கொடுக்கும் அம்மாள், எழுபதைத் தாண்டியவர், ஒருநாள் துண்டைத் தோளில் போட்டபடியே வந்து, "எனக்கும் ஒரு சுற்று கொடு" என்றார். பால்ரூம் ஆடிப் பழகிய உடம்பு அவருக்கு. நாலில் என் கை உயர்ந்ததும் அவர் முதுகு நிமிர்ந்ததை நான் உள்ளங்கையில் உணர்ந்தேன். முழுச் சுற்று. கச்சிதமாக ஏழில் வந்து நின்றார். பிறகு பாருக்குப் போய்விட்டார், அங்கே ஆள் காத்துக்கொண்டிருந்தது.

பருவக் கடைசி வகுப்பில் ஆசிரியை எங்களுக்கு ருவேதா சொல்லித்தந்தார். 1950களின் பிற்பகுதியில் ஹவானாவில் கசினோ டெபோர்ட்டிவோ என்ற கிளப்பில் ஜோடிகள் வட்டமாக நின்று, ஒருவர் குரல் கொடுக்க எல்லாரும் ஒரே நேரத்தில் அதே அடவைச் செய்து, கைமாறி ஆடத் தொடங்கினார்கள். கியூபா முறைச் சல்சாவுக்கு இன்றைக்கும் கசினோ என்றுதான் பெயர். 1959இல் புரட்சி வந்தபின் அந்தத் தனியார் கிளப்புகளை அரசு எடுத்துத் தொழிலாளர் கிளப்புகளாக மாற்றியது. வாசலில் நின்றவர்களின் தாளம்தான் உள்ளே ஆடப்பட்டுக்கொண்டிருந்தது. பிறகு அவர்களும் உள்ளே வந்தார்கள்.

ருவேதாவில் "தாமே!" என்று குரல் வந்தால் நடத்துகிறவர் அடுத்த தொடர்கிறவரைத் தன்னிடம் எடுத்துக்கொள்ள வேண்டும். "என்சூஃப்லா!" என்றால் இருவரும் கையை விடாமல் இடம் மாறிக்கொண்டு, அப்புறம் அடுத்தவரிடம் நகர வேண்டும். ஒருவர் தவறவிட்டாலும் வட்டம் சிக்கிக்கொள்ளும், ஆனால் யாராவது கை நீட்டி இழுத்துச் சேர்த்துவிடுவார்கள். அன்று முன்கூடத்து ஆட்களெல்லாம் கதவோரம் வந்து நின்று பார்த்தார்கள், இவரும்தான். ஆசிரியை நடுவில் நின்று குரல் கொடுக்க, விரற்கணு இழந்தவரும் பஸ் ஓட்டியவரும் நானும் லீட் வரிசையில். செலியா குரூஸ் பாட்டுக்கு நடுவே "அசூகார்!" என்று கூவும் இடத்தில் முழுக் கூடமும் சேர்ந்து கூவியது. 1960இல் கியூபாவை விட்டு வெளியேறி, 2003இல் நியூ ஜெர்சியில் இறக்கும்வரை தன் நாட்டில் திரும்பக் குடியேற முடியாமலே போன பெண்ணின் குரல் அது. துக்கம் இருந்த இடம் தெரியாத அளவுக்கு அதில் அவ்வளவு ஆனந்தம்.

அந்த மாதமே எனக்கு உறுப்பினர் படிவம் கொடுத்தார்கள். ஒருவர் முன்மொழிய வேண்டும், ஒருவர் வழிமொழிய வேண்டும். பிறகு பெயரை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவைத்து, கமிட்டி கூடி முடிவுசெய்யும். கார்த் தொழிற்சாலைப் பெரியவர் முன்மொழிந்தார். கணு இல்லாத விரலை ஒதுக்கிவைத்துப் பேனாவைப் பிடித்து நிதானமாகக் கையெழுத்திட்டார். பஸ் ஓட்டியவர் வழிமொழிந்தார். வாசல் நோட்டில் இப்போது மற்றவர்கள் பெயருக்குப் பக்கத்தில் நான் கையெழுத்துப் போடுகிறேன்.

போன செப்டம்பரில் புது ஆரம்ப வகுப்பு தொடங்கியபோது அப்படி நான் கையெழுத்துப் போட்டுக் கூட்டிவந்த ஒருத்தி, யாழ்ப்பாணத்துப் பெண். பக்கத்துத் தெருவில் தமையன் வீட்டில் இருக்கிறாள், முதியோர் இல்லத்தில் வேலை. கோட்டைக் கழற்றாமல் சுவரோரம் நின்றாள். கிட்டப் போனேன். "அக்கா, நான் ஆம்பிளையளோட ஆடமாட்டன். நீங்கள் ஆம்பிளையளின்ர இடத்தில நிண்டு ஆடுறனீங்கள் எண்டு சொன்னவை. உங்களோட எண்டா ஆடிப் பாக்கிறன்" என்றாள்.

"வா" என்று விரலை நீட்டினேன். ஆங்கிலத்தில் எண்ணுவதைவிடத் தமிழில் எண்ணினால் அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. ஒன்று, இரண்டு, மூன்று, நில்லு. அவள் வாய்க்குள் "ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்று சொல்லிக்கொண்டே பின்னால் கால் வைத்தாள். கை இறுகியிருந்தது, முழங்கை விறைத்திருந்தது. கட்டைவிரலை விடு என்றேன். விட்டாள். "சேஞ்ச்!" என்று குரல் வந்தபோது நகராமல் என்னிடமே நின்றாள், நானும் அவளை அனுப்பவில்லை. அடுத்த தடவையும் நின்றாள். அதற்கடுத்த தடவை குரல் வந்ததும் பக்கத்தில் யார் என்று பார்த்தாள். பஸ் ஓட்டிய பெரியவர் வெறுமனே கையை நீட்டியபடி நின்றுகொண்டிருந்தார், கிட்ட வரவும் இல்லை, அழைக்கவும் இல்லை. அவள் என்னைப் பார்த்துவிட்டு அவரிடம் போனாள். நாலில் அவர் கையைத் தூக்கினார். அவள் திரும்பினாள், ஏழில் சரியாக வந்து சேர்ந்தாள், சத்தம் போட்டுச் சிரித்தாள்.

வகுப்பு முடிந்து கோட்டைப் போட்டுக்கொண்டே வந்து, "அக்கா, இந்தச் சப்பாத்து வழுக்காம இழுக்குது. உங்களின்ரய எங்க வாங்கினனீங்கள்?" என்று கேட்டாள். கடைப் பெயரைச் சொன்னேன். சனிக்கிழமை சேர்ந்து போகலாம் என்று முடிவாயிற்று.